ஏன் வாத்தியாரானீர்கள்?

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 5ஆம் தேதி பள்ளிக்கூட மேடைகளில் 'அறப்பணி' என்ற சொல் தூசு தட்டி எடுக்கப்படும். மாலையும் சால்வையுமாக உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்கள் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார்கள். 'நீங்கள் ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள்?' என்று அந்த மேடையில் அவர்களை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. நிஜமான பதில் வந்துவிட்டால் அடுத்த பேச்சாளருக்குச் சங்கடம் என்பதாலோ என்னவோ.

சமீபத்தில் ஒரு கல்யாணத்துக்காகக் கோலார் தங்க வயலுக்குப் போயிருந்தபோது இந்தக் கேள்வியைக் கேட்கும் சந்தர்ப்பம் வாய்த்தது. பந்திக்குக் காத்திருந்த நேரத்தில் என் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் மூன்று பேர் உயர்நிலைப் பள்ளிகளோடு சம்பந்தப்பட்டவர்கள். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், தனியார் ஆங்கிலப் பள்ளியில் விஞ்ஞானம் எடுக்கும் ஒரு பெண்மணி, அதே பள்ளியில் மணியடித்து கேட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். பேச்சு எப்படியோ பிள்ளைகளின் படிப்புப் பக்கம் திரும்பிற்று. நான் வாத்தியாரைக் கேட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. "பயம் சார்" என்றார். "எங்க நைனா கேஜ்ல எறங்கறதைச் சின்ன வயசுல பார்த்தேன். நம்மால முடியாதுன்னு அன்னிக்கே தெரிஞ்சிபோச்சு. வாத்தியார் வேலைன்னா மண்ணுக்கு மேல இருக்கலாம். அவ்வளவுதான்."

தங்க வயல் என்றதும் இன்றைய இளைஞர்களுக்கு 2018இலும் 2022இலும் வந்த கன்னட சினிமாதான் நினைவுக்கு வரும். வாத்தியார் பயந்த தங்க வயலுக்குச் சினிமாவில் இடம் கிடையாது. 1880இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனியின் கைக்கு வந்த சுரங்கங்கள் இவை. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கூலிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். பண்ணையில் கைகட்டி நிற்பதைவிடப் பாதாளத்துக்குள் இறங்குவது மேல் என்று வந்தவர்கள் இவர்களில் பலர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் முப்பதாயிரம் பேர் இங்கே வேலை செய்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் போகப் போக மூன்று கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குப் போயிற்று. அங்கே பாறையின் வெப்பமே 60 டிகிரிக்கு மேல். மேலே உயிரோடு வந்தவர்களையும் தூசு விடவில்லை. 1940களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்தபோது நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் இருந்தது.

ஆகவே வாத்தியாரின் பயத்தைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் அவருடைய அப்பாவுக்கு மகன்மேல் வருத்தம்தான். அப்பாவின் இடம் பிள்ளைக்குக் கிடைக்கும் என்பது அந்தக் காலத்து நம்பிக்கை. வீடு கம்பெனி லைனில், வைத்தியம் கம்பெனி ஆஸ்பத்திரியில். உள்ளே இறங்கினால் முதல் மாதத்திலிருந்தே சம்பளம். பத்தாவது, அப்புறம் காலேஜ், அப்புறம் பெங்களூரில் பி.எட். என்று ஏழெட்டு வருஷம் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு படிப்பது அந்த ஒற்றை அறை வீட்டுக்குக் கட்டுப்படியாகிற சமாச்சாரமா?

"நைனா நைட் ஷிப்ட் முடிச்சிட்டு வந்து பகல்ல தூங்குவாரு. ஒரே ரூம். நாங்க மூச்சு விடக்கூடாது. புஸ்தகத்தைத் தூக்கிட்டுத் தெருவுக்கு வந்துடுவோம்" என்றார் வாத்தியார். காவிரியில் சிவசமுத்திரம் அருவியின் மின்சாரம் 1902இலேயே இந்த ஊருக்கு வந்துவிட்டது. பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான். ஆனால் அது இயந்திரங்களுக்காக வந்த மின்சாரம். வெள்ளைக்காரர்களின் பங்களாக்களுக்கும் போயிற்று. லைன் வீட்டுப் பிள்ளையின் புத்தகத்துக்கு மேலே அது எரிய வெகுகாலம் பிடித்தது.

பள்ளிக்கூடமும் அப்படித்தான். 1901இல் கம்பெனி ஆரம்பித்த ஆங்கிலப் பள்ளி, அதன் ஐரோப்பிய ஊழியர்களுடைய பிள்ளைகளுக்கானது. பிரான்சில் தோன்றிய தார்ப் புனித ஜோசப் சபைக் கன்னியாஸ்திரீகள் பெண் குழந்தைகளுக்குக் கான்வென்ட் நடத்த வந்தார்கள். அந்தச் சகோதரிகளை இங்கே கொண்டுவந்தது சமய நம்பிக்கை. கம்பெனிப் பள்ளிக்கு வந்த ஆசிரியர்களைக் கொண்டுவந்தது சம்பளமும் குவார்ட்டர்ஸும். இரண்டு காரணங்களிலும் கேவலம் ஒன்றும் இல்லை. லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த வாசல்கள் திறக்கத்தான் காலதாமதமாயிற்று.

மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' வார இதழ் 1907இல் சென்னையில் தொடங்கியபோது அதைத் தாங்கிப் பிடித்த ஊர்களில் தங்க வயலின் மாரிக்குப்பம் முக்கியமானது. அங்கே பௌத்த சங்கம் இருந்தது. பண்டிதர் 1914இல் காலமான பிறகு அவருடைய நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது தங்க வயல் சித்தார்த்தா புத்தகசாலை. 1926இல் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மீண்டும் நடத்தியதும் இந்த ஊரிலிருந்துதான். பகலில் பாறை உடைத்தவர்கள் மாலையில் பத்திரிகையை ஒருவர் படிக்கப் பலர் கேட்ட காலம் அது. பி.எட். பட்டமும் வருகைப் பதிவேடும் இல்லாத வாத்தியார்கள் அவர்கள். நாம் சொல்லிக்கொடுக்காவிட்டால் இந்த ஜனங்களுக்கு வேறு யாரும் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை என்பதுதான் அவர்களுடைய காரணம்.

பண்டிதரின் பெயரிலேயே ஒரு ஆசிரியர் இருக்கிறார். பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி தந்த அயோத்திதாசக் கவிராயரின் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டார். 1898இல் பண்டிதர் பௌத்தம் ஏற்கக் கொழும்புக்குப் போனபோது கூடப் போன கிருஷ்ணசாமி என்பவரும் ஓர் ஆசிரியரே. சென்னையில் கர்னல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட குழந்தைகளுக்காக நடத்திய இலவசப் பள்ளிகளில் ஒன்றில் அவர் வேலை பார்த்தார். கற்பித்தவரின் பெயரை ஆயுள் முழுக்கச் சுமப்பது என்பது சால்வை போடுவதைவிடக் கனமான மரியாதை.

கல்யாண வீட்டுக்குத் திரும்புவோம். வாத்தியார் சொன்ன 'பயம்' என்ற பதில் எனக்குப் போதவில்லை. மண்ணுக்கு மேலே வேறு வேலைகளும் உண்டே. தபால் ஆபீஸ், ரயில்வே, 1960களில் இங்கே வந்த பெமல் தொழிற்சாலை? அவர் சிரித்தார். "அங்கெல்லாம் என்ன வேலை செய்றாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும் சார்? எங்க நைனா என்ன வேலை செய்றார்னே எனக்குத் தெரியாது. அவர் எறங்கறதுதான் தெரியும், ஏர்றதுதான் தெரியும். நான் கண்ணால பார்த்த வேலைக்காரர் ஒருத்தர்தான். எங்க கணக்கு வாத்தியார்."

இதைக் கேட்டதும் எனக்கு அமெரிக்க சமூகவியலாளர் டான் லார்ட்டி நினைவுக்கு வந்தார். 1975இல் ஆசிரியர்களைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் அந்தத் துறையில் இன்றும் பேசப்படுவது. மற்றெந்தத் தொழிலுக்கும் இல்லாத விசேஷம் ஒன்று ஆசிரியத் தொழிலுக்கு உண்டு என்றார் அவர். பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒருவன் அதற்குள் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்கள் வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டிருக்கிறான். டாக்டரையோ வக்கீலையோ நாம் அப்படிப் பார்ப்பதில்லை. அதனால்தான் பலர் தங்களுக்குப் பிடித்த ஓர் ஆசிரியரைப் பார்த்து ஆசிரியராகிறார்கள். தாங்கள் பார்த்த மாதிரியே பாடமும் எடுக்கிறார்கள்.

இது எல்லா ஊருக்கும் பொருந்தும். விவசாயியின் பிள்ளை அப்பா உழுவதைப் பார்க்கிறான், நெசவாளியின் பெண் தறிக்கு அடியிலேயே வளர்கிறாள். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்கு அது கிடையாது. அப்பாவின் உழைப்பு மூன்று கிலோ மீட்டர் கீழே, இருட்டில். அந்தப் பிள்ளை வெளிச்சத்தில், தினமும், மணிக்கணக்காகப் பார்க்க முடிந்த ஒரே தொழில் கரும்பலகைக்கு முன்னால் நடந்தது. தங்க வயலின் லைன் வீடுகளிலிருந்து ஆசிரியர்கள் வந்ததற்கு இதைவிடப் பெரிய விளக்கம் வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

விஞ்ஞான ஆசிரியை இதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தாத்தா சுரங்கத்தில் இருந்தவர். அப்பா 2001இல் வேலை இழந்தவர். அந்த ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. 120 வருஷத்தில் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த ஊரில் மிச்சம் இருப்பது சயனைடு கலந்த மண்மேடுகள்தான். அன்றிலிருந்து ஊரின் பிழைப்பு ரயிலில் ஏறிவிட்டது. மாரிக்குப்பத்திலிருந்து விடிவதற்குள் கிளம்பும் வண்டியில் ஆயிரக்கணக்கானவர்கள் பெங்களூர் போய், இரவு திரும்புகிறார்கள். ஆசிரியையின் கணவரும் அவர்களில் ஒருவர்.

"எனக்கு லட்சியம்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றார் அவர். "எம்.எஸ்ஸி. முடிச்சேன். ரெண்டு பேரும் ட்ரெய்ன்ல போயிட்டா பசங்களை யாரு பார்க்கறது? நாலரைக்கு வீட்ல இருக்கற வேலை இந்த ஊர்ல இது ஒண்ணுதான்." சம்பளத்தைச் சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார். பெங்களூரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் பெண்ணுக்கு அதைவிட அதிகம் கிடைக்கும். "அப்புறம் ஏன் பதினோரு வருஷமா விடலை?" என்று வாத்தியார் கேட்டார். "பத்தாங்கிளாஸ் பசங்களை நடுவுல விட்டுட்டு எப்படி சார் போறது? இந்த பேட்ச் முடியட்டும்னு ஒவ்வொரு வருஷமும் நினைக்கறேன். ஜூன்ல அடுத்த பேட்ச் வந்துடுது."

நாம் அவரைக் கேட்ட கேள்வி, ஏன் வந்தீர்கள் என்பது. அவர் பதில் சொன்ன கேள்வி, ஏன் இன்னும் இருக்கிறீர்கள் என்பது. இரண்டும் வேறு வேறு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயந்து வந்தவர், நேரம் ஒத்துவருகிறது என்று வந்தவர், வேறு கிடைக்காமல் வந்தவர் எல்லோருமே நல்ல ஆசிரியர்களாகலாம். வாசலில் கொண்டுவந்த காரணத்தை வகுப்பறை மாற்றிவிடுகிறது. மேடையில் நாம் புகழும் 'அறம்' பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்து ஐந்தாறு வருஷத்துக்குப் பிறகுதான் உண்டாகிறது.

இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. இந்தப் பிடிப்பைக் கணக்கில் வைத்துக்கொண்டே சம்பளத்தைக் குறைக்கலாம் என்பதை நிர்வாகங்கள் கண்டுபிடித்துவிட்டன. தனியார் மட்டும் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாயில் நியமிக்கப்பட்டார்கள். அது பத்தாயிரத்தைத் தாண்டவே பத்து வருஷத்துக்கு மேலாயிற்று. கர்நாடக அரசுப் பள்ளிகளில் காலியிடங்களை நிரப்புகிறவர்களுக்கு 'அதிதி' ஆசிரியர்கள் என்று பெயர். அதிதி என்றால் விருந்தாளி. ஜூனில் வந்து மார்ச்சில் போகிற, மறு ஜூனில் கூப்பிடுவார்களா என்று தெரியாத விருந்தாளி.

இதற்கு ஆராய்ச்சியைக்கூடத் துணைக்கு அழைக்கிறார்கள். ஆந்திர கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வு பிரபலமானது. நிரந்தர ஆசிரியரின் சம்பளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வாங்கிய ஒப்பந்த ஆசிரியர்கள் அவர்களைவிடக் குறைவாகவே பள்ளிக்கு மட்டம் போட்டார்கள், பிள்ளைகளின் படிப்பும் குறைந்துவிடவில்லை என்று அது காட்டியது. உண்மையாகவே இருக்கட்டும். நிரந்தர வேலை கிடைத்ததும் பள்ளிப் பக்கமே தலைகாட்டாத ஆசிரியர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அந்த ஆய்வு அளந்தது அன்றைய பிள்ளைகள் எவ்வளவு படித்தார்கள் என்பதை. வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள், பாடத்தோடு கூட, தங்கள் ஆசிரியரின் வாழ்க்கையையும் படித்துக்கொண்டிருந்தார்களே, அந்த மார்க்கை யார் போடுவது?

லார்ட்டியின் 13,000 மணி நேரம் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 1960களில் லைன் வீட்டுப் பையன் பார்த்தது, வெள்ளைச் சட்டை போட்டு, கைகள் சுத்தமாக, ஊரே வணக்கம் சொல்லும் ஒரு மனிதரை. இன்றைய ஒன்பதாம் வகுப்புப் பெண் பார்ப்பது, மூன்று வருஷமாகச் சம்பளம் ஏறாத டீச்சரை. ஃபீஸ் கட்டாத பிள்ளைகளின் பட்டியலைத் தானே வாசிக்க வேண்டியிருக்கும் டீச்சரை. பிள்ளைகள் முட்டாள்கள் அல்ல. "உங்க கிளாஸ்ல டீச்சராகணும்னு யாராவது சொல்றாங்களா?" என்று ஆசிரியையைக் கேட்டேன். "முன்னெல்லாம் ரெண்டு மூணு பேர் கை தூக்குவாங்க. இப்ப நானே அந்தக் கேள்வியைக் கேக்கறதில்லை" என்றார்.

தங்க வயலில் இன்னொரு கஷ்டமும் உண்டு. இந்த ஊரின் வீட்டுமொழி தமிழ், ஆட்சிமொழி கன்னடம், வேலைக்கான மொழி ஆங்கிலம். மூன்றுக்கும் நடுவில் நின்று பாடம் எடுப்பதற்கு, அந்த லைன்களில் பிறந்து வளர்ந்தவரைவிடத் தகுதியானவர் யார்? நியூட்டனின் விதியைத் தமிழில் விளக்கி, கன்னடத்தில் கண்டித்து, ஆங்கிலத்தில் எழுதவைக்க அவரால்தான் முடியும். அப்படிப்பட்டவர்கள் இப்போது அதிகாலை ரயிலில் பெங்களூர் கால் சென்டர்களுக்கும் கம்பெனிகளுக்கும் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் தங்கத்தை வெட்டியெடுத்து வெளியே அனுப்பிய ஊர், இப்போது தன் வாத்தியார்களாக வேண்டியவர்களை அனுப்புகிறது.

செய்ய வேண்டியது பெரிய மர்மம் ஒன்றும் அல்ல. ஆசிரியரிடம் அறத்தைக் கேட்கிற சமூகம், முதலில் அவருக்கு மாதா மாதம் ஒழுங்கான சம்பளமும் அடுத்த வருஷமும் வேலை உண்டு என்ற நிச்சயமும் கொடுக்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது கட்டடத்தையும் பஸ் வசதியையும் விசாரிக்கிற பெற்றோர், அங்கே ஆசிரியர்கள் சராசரியாக எத்தனை வருஷம் நிலைக்கிறார்கள் என்றும் ஒரு வார்த்தை கேட்கலாம். நிர்வாகங்கள் நெளியும், நெளியட்டும்.

மணியடிக்கும் பெரியவரை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஆசிரியர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்ற மரியாதையில் அவர் சும்மா இருந்தார். நான் அவரையும் கேட்டேன், ஏன் பள்ளிக்கூட வேலைக்கு வந்தீர்கள் என்று. சுரங்கம் மூடும்வரை அவர் ஷாஃப்ட்டின் வாயில் கேஜுக்கு மணியடிக்கும் வேலையில் இருந்தாராம். ஒரு மணி அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் இறக்கு, மூன்று அடித்தால் ஆட்கள் ஏறுகிறார்கள், ஜாக்கிரதை. மூடிய பிறகு பெங்களூரில் சில வருஷம் செக்யூரிட்டியாக இருந்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்து இந்தப் பள்ளியில் சேர்ந்தார்.

"மணியடிக்கறதுக்கு ஆள் வேணும்னாங்க. எனக்குத் தெரிஞ்ச வேலையாச்சே" என்றார். சற்றுப் பொறுத்து, "அங்க அடிச்சா ஆளுங்க கீழ போவாங்க, எல்லாரும் திரும்பி வர்றவரைக்கும் மனசு அடிச்சுக்கும். இங்க அடிச்சா பசங்க வீட்டுக்கு ஓடுவாங்க. நிம்மதியா இருக்குது" என்றார்.

அதற்குள் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இலையில் உட்காரும்போது பார்த்தேன், கணக்கு வாத்தியார் மணியடிக்கும் பெரியவரைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "இவர் அடிச்ச மணியிலதான் சார் எங்க நைனா தினம் மேல ஏறி வந்தார்" என்றார் என்னிடம்.